மாணவர் நடத்தும் மாநாடுகளும் குவாண்டம் அறிவியலின் முதல் பாடமும்

பி.எஸ்சி. இயற்பியல் சேரும் ஒருவர் குவாண்டம் இயங்கியலை முறையான தாளாகப் படிப்பது பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில்தான். அதற்கு முன் கரும்பொருள் கதிர்வீச்சு, ஒளிமின் விளைவு, நீல்ஸ் போரின் அணு மாதிரி என்று வரலாற்று வரிசையில் சில அத்தியாயங்கள் வரும். அப்புறம் ஷ்ரோடிங்கர் சமன்பாடு, பெட்டிக்குள் அடைபட்ட துகள், ஹைட்ரஜன் அணு. ஹைட்ரஜன் அணு முடியும்போது செமஸ்டரும் முடிந்துவிடும். பொறியியல் மாணவருக்கு முதலாண்டு இயற்பியல் தாளில் ஒரு யூனிட், அத்தோடு சரி. கணினி அறிவியலோ கணிதமோ படிப்பவர் பட்டம் வாங்கும்வரை அந்தப் பக்கமே வராமல் போகலாம்.

வகுப்புக்கு வெளியே நிலைமை வேறு. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 6,003 கோடி ரூபாய்க்கும் மேல் ஒதுக்கியது. அதன் நான்கு மையங்களில் குவாண்டம் தகவல்தொடர்புக்கான மையம் ஐ.ஐ.டி. மெட்ராஸில் இருக்கிறது. 1925 கோடையில் ஜெர்மன் இயற்பியலாளர் ஹைசன்பர்க் ஹெல்கோலாந்து தீவில் போட்ட, குவாண்டம் இயங்கியலுக்கு அடித்தளமான கணக்கின் நூற்றாண்டை ஒட்டி, 2025-ஐக் குவாண்டம் அறிவியல், தொழில்நுட்ப ஆண்டாக ஐ.நா. அறிவித்தது. அதே ஆண்டின் இயற்பியல் நோபல், கையில் பிடிக்கும் அளவுள்ள மின்சுற்றிலும் குவாண்டம் விளைவு தெரியும் என்று 1980களில் காட்டிய கிளார்க், டெவோரே, மார்ட்டினிஸ் ஆகிய மூவருக்குப் போனது. அந்தச் சோதனைகளைச் செய்தபோது மார்ட்டினிஸ் பெர்க்லியில் ஆராய்ச்சி மாணவர். மின்தடையே இல்லாத மீக்கடத்திகளால் ஆன இன்றைய குவாண்டம் கணினிகளுக்கு அங்கிருந்துதான் வழி தொடங்குகிறது.

இதையெல்லாம் செய்தியில் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவருக்குத் தன் பாடப்புத்தகத்துக்கும் இந்தச் செய்திக்கும் என்ன தொடர்பு என்று தெரியாது. கேட்டால் சொல்ல ஆளும் பெரும்பாலும் இருப்பதில்லை. பாடத்திட்டத்தை மாற்றலாம், மாற்றிக்கொண்டும் இருக்கிறார்கள். ஆனால் பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழு கூடி, புத்தகம் வந்து, ஆசிரியர்கள் பயிற்சி பெற்று, அது வகுப்பறைக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு மூன்று பேட்ச் வெளியேறிவிடும். அந்த இடைவெளியில் உலகின் பல இடங்களில் மாணவர்களே ஒரு வேலையைச் செய்துவருகிறார்கள். மாநாடு நடத்துகிறார்கள். அதன் மதிப்பு நம் ஊரில் இன்னும் சரியாக உணரப்படவில்லை என்பது என் எண்ணம்.

மாணவர் மாநாடு என்பது புதிய யோசனை இல்லை. கனடாவில் இளநிலை இயற்பியல் மாணவர்களின் மாநாடு 1965 முதல் நடக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு பல்கலைக்கழகத்து மாணவர்கள் பொறுப்பேற்கிறார்கள். இடம் பிடிப்பது, பணம் திரட்டுவது, விருந்தினரை அழைப்பது, யார் எப்போது பேசுவது என்று அட்டவணை போடுவது எல்லாம் அவர்கள் வேலை. மேடையில் பேசுபவர்களும் பெரும்பாலும் இளநிலை மாணவர்கள்தான். ஐரோப்பாவில் 1980களின் நடுவில் ஹங்கேரி மாணவர்கள் தொடங்கிவைத்த கூட்டம், இயற்பியல் மாணவர்களின் சர்வதேச மாநாடாக வளர்ந்தது. அதை நடத்துவதற்கான சர்வதேசச் சங்கம் 1987-ல் உருவானது. கோடையில் ஏறக்குறைய ஒரு வாரம் நடக்கும் அந்த மாநாடு 2022-ல் மெக்சிகோவின் புவெப்லாவுக்கும் 2023-ல் மணிலாவுக்கும் போனது. பேராசிரியர்கள் விருந்தினராக வந்து சிறப்புரை ஆற்றுவார்கள். மற்ற நேரமெல்லாம் இருபது வயதுக்காரர் ஒருவர் தன் சிறிய ஆய்வைப் பற்றிப் பேச, இன்னொரு இருபது வயதுக்காரர் எழுந்து கேள்வி கேட்பார்.

குவாண்டத்துக்கென்றே தனியாக வந்தவை பின்னால்தான். அதற்கு ஒரு வெளிப்படையான காரணம் இருக்கிறது. 2016 மே மாதம் ஐ.பி.எம். நிறுவனம் ஐந்து கியூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு) கொண்ட ஒரு சிறிய குவாண்டம் கணினியை இணையம் வழியாக எவரும் இலவசமாகப் பயன்படுத்தத் திறந்துவிட்டது. அதற்கு முன் குவாண்டம் சோதனை என்றால் லேசர் மேசையோ, தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகே குளிரூட்டும் கருவியோ வேண்டும். பெரும்பாலான கல்லூரிகளில் இரண்டும் கிடையாது. அடுத்த ஆண்டே பைத்தானில் நிரல் எழுதி அந்தக் கருவியை இயக்க உதவும் கிஸ்கிட் என்ற மென்பொருள் வந்தது. அதன்பின் விடுதி அறையில் லேப்டாப் வைத்திருப்பவர் உண்மையான குவாண்டம் கருவியில் சோதனை செய்து பார்க்கலாம் என்றானது. எம்.ஐ.டி. மாணவர்கள் 2020-ல் ஐக்வாக் என்ற குவாண்டம் ஹேக்கத்தானைத் தொடங்கினார்கள். முதலில் அறிமுகப் பாடங்கள், பிறகு இரவு பகலாகக் குழு வேலை, கடைசியில் ஒவ்வொரு குழுவும் செய்ததை விளக்கிச் சொல்ல வேண்டும். இதுதான் அதன் அமைப்பு. இந்தத் துறைக்கே புதியவர்களும் விண்ணப்பிக்கலாம். 2021-ல் யேல், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் சேர்ந்து இதேபோன்ற ஒன்றை இணையவழியில் நடத்தினார்கள்.

சரி, இரண்டு நாளில் ஒரு புதியவருக்கு குவாண்டத்தில் என்னதான் சொல்லிக்கொடுத்துவிட முடியும்? நியாயமான கேள்வி. பதில், எங்கிருந்து தொடங்குகிறோம் என்பதில் இருக்கிறது.

பாடப்புத்தகம் தொடங்கும் இடம், துகளின் நிலையைச் சொல்லும் அலைச்சார்பு. அதற்கு வகைக்கெழுச் சமன்பாடு தெரிய வேண்டும், கலப்பெண் தெரிய வேண்டும், ஹைட்ரஜன் அணு என்றால் கோள ஆயங்களில் மாறிகளைப் பிரித்து லெஜாந்தர் பல்லுறுப்புக் கோவைவரை போக வேண்டும். கணக்கு போடும் வேகத்தில் இயற்பியலின் விசித்திரம் கண்ணில் படாமலே போய்விடும். நன்றாக மதிப்பெண் வாங்கிய மாணவரிடம் ‘அளவிடும்போது என்ன நடக்கிறது?’ என்று கேட்டால் விழிப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். அது அவர் குறை அல்ல. அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதே இல்லை.

இரண்டே நிலைகள் உள்ள பொருளிலிருந்து தொடங்குவது இன்னொரு வழி. எலக்ட்ரானின் தற்சுழற்சி, ஒளித்துகளின் அதிர்வுத் தளம், அல்லது வெறுமனே கியூபிட். இதன் நிலையைச் சொல்ல இரண்டு எண்கள் போதும். அவற்றின் அளவுகளை இருமடியாக்கிக் கூட்டினால் 1 வர வேண்டும், அந்த இருமடிகள்தான் நிகழ்தகவுகள். அந்த நிலையின்மீது நாம் செய்யும் எந்தச் செயலும் இரண்டுக்கு இரண்டு அணி. பிளஸ் டூவில் அணிப் பெருக்கல் படித்தவர் இதைப் பின்தொடர முடியும். கணினி அறிவியல் மாணவர், கணித மாணவர், மின்னணுவியல் மாணவர், வேதியியல் மாணவர் எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசத் தோதான வாசல் இதுதான். துறை கடந்த கூட்டம் என்று மேடையில் சொல்வது சுலபம். அதை நிஜமாக்குவதற்கு, எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்த ஒரு கணிதம் தேவைப்படுகிறது.

கருவியும் பெரிதாக வேண்டாம். மூன்று போலராய்டு தகடுகள் இருந்தால் போதும். முதல் தகட்டைச் செங்குத்தாகவும் இரண்டாவதைக் கிடையாகவும் வைத்தால் ஒளி அடியோடு நின்றுவிடும். இப்போது மூன்றாவதை எடுத்து அவை இரண்டுக்கும் நடுவே 45 பாகை சாய்த்துச் செருக வேண்டும். இருட்டாக இருந்த இடத்தில் மறுபடி ஒளி தெரியும். தடையாக ஒன்றைக் கூடுதலாக வைத்தபின் ஒளி எப்படிக் கூடுகிறது? சாதாரண விளக்கொளி என்றால், தகடுகள் துல்லியமானவை எனக் கொண்டால், எட்டில் ஒரு பங்கு வெளியே வரும். முதல் தகட்டில் பாதி போகும், 45 பாகைத் தகட்டில் மிச்சத்தில் பாதி, கடைசியில் மறுபடி பாதி. அலை என்று எடுத்துக்கொண்டால் இது பழைய ஒளியியல்தான். ஒளியை ஒவ்வொரு துகளாக அனுப்பினாலும் இதே விகிதம் வருகிறது என்று சொல்லும் இடத்தில்தான் குவாண்டம் உள்ளே நுழைகிறது. நடுத்தகடு துகளை வடிகட்டியதோடு நிற்கவில்லை, அதன் நிலையையே மாற்றிவிட்டது. அளவிடுதல் ஒரு செயல், வெறும் பார்வை அல்ல என்பது இங்கே கையில் வந்து விழுகிறது. இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதைவிட, நாற்பது பேரிடம் தகடுகளைக் கொடுத்து அவர்களே செருகிப் பார்க்கச் சொல்வது எவ்வளவோ மேல்.

இங்கிருந்து குவாண்டம் சங்கேதத்துக்கு ஒரே எட்டு. ரகசிய எண்களை ஒருவர் ஒளித்துகள்களில் எழுதி அனுப்புகிறார். ஒவ்வொரு துகளுக்கும் நேர்த்தளமா (செங்குத்து, கிடை), சாய்தளமா (45 பாகைச் சாய்வு) என்று நாணயம் சுண்டி முடிவெடுக்கிறார். பெறுபவரும் தன் பங்குக்கு நாணயம் சுண்டி அளவிடுகிறார். பிறகு இருவரும் எந்தத் தளம் என்பதை மட்டும் வெளிப்படையாகச் சொல்லி, ஒத்துப்போனவற்றை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். நடுவில் ஒற்றர் ஒருவர் எல்லாத் துகளையும் பிடித்து அளந்து மறுபடி அனுப்பினால், வைத்துக்கொண்டவற்றில் சராசரியாக நான்கில் ஒன்று தப்பாகிவிடும். அதில் இருபது எண்களை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தாலே ஒற்றர் அகப்படாமல் தப்பும் வாய்ப்பு 0.3 சதவீதம்தான். மூன்று மாணவர்களை நிறுத்தி, துண்டுச் சீட்டும் நாணயமும் கொடுத்து, இதை ஒரு மணி நேரத்தில் விளையாட்டாகவே செய்து முடிக்கலாம்.

இந்த முறையை வகுத்த பென்னெட், பிராசார் இருவரும் அதை 1984 டிசம்பரில் அறிமுகப்படுத்தியது பெங்களூரில் நடந்த ஒரு சர்வதேச மாநாட்டில். அது நம் மாணவர்களுக்கு அவசியம் சொல்ல வேண்டிய செய்தி. ஆனால் அது தொடங்கிய கதை இன்னும் பொருத்தமானது. 1960களின் இறுதியில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஸ்டீபன் வீஸ்னர், கள்ளநோட்டே அடிக்க முடியாத குவாண்டம் பணம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அது நிராகரிக்கப்பட்டது. அச்சில் வந்தது 1983-ல். இடைப்பட்ட காலம் முழுக்க அந்த யோசனையை நினைவில் வைத்திருந்தவர் பென்னெட். அவரும் வீஸ்னரும் பிரண்டைஸ் பல்கலைக்கழகத்தில் இளநிலை படித்த காலத்து நண்பர்கள். 1979 அக்டோபரில் புவெர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் கணினியியல் மாநாடு ஒன்று நடந்தது. அப்போது முனைவர் பட்டம் முடித்த கையோடு வந்திருந்த 24 வயது பிராசார் கடலில் நீந்திக்கொண்டிருந்தார். முன்பின் அறிமுகமில்லாத பென்னெட் நீந்தி அவரருகே வந்து வீஸ்னரின் பணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஒரு துறை பிறந்ததே அந்தப் பேச்சில்தான். அமர்வுகளுக்கு வெளியே, சாப்பாட்டு வரிசையில், விடுதித் திண்ணையில் நடக்கும் உரையாடலை மாநாட்டின் உபரிப் பலன் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றுகிறது. நிகழ்ச்சி நிரலை இடைவெளியே இல்லாமல் அடைத்துவிடாதீர்கள் என்று ஏற்பாட்டாளர்களிடம் கேட்டுக்கொள்வதற்கும் இதுவே காரணம்.

விளையாட்டு என்றதும் இன்னொன்று. இரண்டு மாணவர்களைத் தனித்தனி அறையில் உட்கார வைத்து, நடுவர் ஆளுக்கு ஒரு சீட்டு அனுப்புகிறார். சீட்டில் 0 அல்லது 1. அவர்களும் 0 அல்லது 1 என்று பதில் எழுதித் தர வேண்டும். இருவருக்குமே 1 வந்திருந்தால் பதில்கள் வேறுபட வேண்டும், மற்ற எல்லாச் சமயத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்கூட்டி எவ்வளவு வேண்டுமானாலும் பேசி வைத்துக்கொள்ளலாம், சீட்டு வந்தபின் பேசக் கூடாது. எந்தத் தந்திரத்தைக் கையாண்டாலும் நீண்ட கால சராசரியில் 75 சதவீதத்துக்கு மேல் வெல்ல முடியாது. எல்லாச் சாத்தியங்களையும் ஒரு பக்கத் தாளில் எழுதி இதை நிரூபித்துவிடலாம். மாணவர்களே அதைச் செய்ய வேண்டும், அதுதான் முக்கியம். அவர்கள் அதை முழுசாக நம்பிய பிறகு, இருவரிடமும் பின்னிப் பிணைந்த இரண்டு குவாண்டம் துகள்கள் இருந்தால் வெற்றி 85 சதவீதத்தைத் தாண்டும் என்று சொல்ல வேண்டும். அறையில் ஒரு சலசலப்பு எழும். ஜான் பெல் 1964-ல் கண்டதன் சாரம் இதுதான். 1972-ல் பெர்க்லியில் கிளவுசரும் ஆராய்ச்சி மாணவர் ஃபிரீட்மனும் பெல்லின் சமனின்மையை, அதாவது அந்த 75 சதவீதம் போன்ற எல்லையைச் சொல்லும் கணித விதியை, சோதித்து, இயற்கை அதை மீறுவதைக் காட்டினார்கள். 2022 நோபலில் கிளவுசருக்கும் பங்கு உண்டு. ஃபிரீட்மன் அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார்.

இவற்றையெல்லாம் பேராசிரியரே வகுப்பில் சொல்லலாமே, மாணவர் எதற்கு என்று கேட்கலாம். சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் இரண்டு ஆண்டு மூத்த மாணவர் சொல்வதில் ஒரு தனிப் பலன் இருக்கிறது. ஹார்வர்டில் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் இதைக் கவனித்தார். தான் விளக்கி விளக்கிப் புரியாத ஒன்றை, மாணவர்களை ஒருவரோடொருவர் பேசவிட்டபோது சில நிமிடங்களில் அவர்களே தெளிந்துகொண்டார்கள். அதிலிருந்து அவர் வளர்த்த சகமாணவர் கற்பித்தல் முறை இன்று பல நாடுகளில் புழக்கத்தில் உள்ளது. காரணம் நுட்பமானது. ஒன்றை முப்பது ஆண்டுகளாக அறிந்தவருக்கு, அது தெரியாமல் இருந்த நிலை எப்படி இருந்தது என்பது நினைவில் இருக்காது. போன ஆண்டு அதே இடத்தில் தடுக்கி விழுந்தவருக்கு எந்தக் கல் தடுக்கியது என்று தெரியும். மேலும், பேராசிரியரிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்வியைச் சீனியர் அக்காவிடம் கேட்டுவிடலாம். ‘அக்கா, கியூபிட் ஒரே நேரத்தில் 0, 1 இரண்டாகவும் இருக்கும் என்கிறார்களே, நிஜமாகவே இரண்டும்தானா?’ இந்தக் கேள்வி எழாமல் நடந்த குவாண்டம் அறிமுகம் எதுவும் முழுமையாக நடந்ததாக நான் எண்ணவில்லை.

பாடத்திட்டத்துக்கு வெளியே நடந்த ஒரு சந்திப்பு ஒரு மாணவரை எங்கே கொண்டுபோகும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. 1928-ல் ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் சென்னை வந்தார். மாநிலக் கல்லூரியில் பி.எஸ்சி. ஆனர்ஸ் படித்துக்கொண்டிருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர், சோமர்ஃபெல்ட்டின் அணுக்கட்டமைப்பு நூலைத் தானாகவே படித்து முடித்திருந்தார். அந்தத் தைரியத்தில் நேரே அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே போனார். சோமர்ஃபெல்ட் அவரிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னது: அந்தப் புத்தகம் பழையதாகிவிட்டது, ஹைசன்பர்க், ஷ்ரோடிங்கர், டிராக் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். சொன்னதோடு நிற்காமல், உலோகங்களில் எலக்ட்ரான்கள் பற்றி, அத்தகைய துகள்களுக்கான புதிய குவாண்டம் விதியான ஃபெர்மி–டிராக் புள்ளியியலை வைத்துத் தான் எழுதி, இன்னும் அச்சாகாமல் இருந்த கட்டுரையின் மெய்ப்புத் தாள்களையும் கொடுத்தார். வயது பதினெட்டை ஒட்டியிருந்த மாணவர் அதைக் கற்று, அதே புள்ளியியலைப் பயன்படுத்தி எழுதிய ஆய்வுக் கட்டுரை 1929-ல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வெளியானது. அதே ஆண்டு ஹைசன்பர்க் சென்னை வந்தபோது அவருக்கு ஊர் காட்டும் பொறுப்பும் சந்திரசேகருக்கே கிடைத்தது. 1930-ல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலில் போகும் வழியில் அவர் போட்ட கணக்கு, வெள்ளைக் குள்ள விண்மீன்களின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்று காட்டியது. இன்று ஏற்கப்பட்டுள்ள மதிப்பு சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு. 1983-ல் அவருக்கு நோபல் கிடைத்தது. அந்தக் கப்பல் கணக்குக்கு அடித்தளமான புள்ளியியல் அவர் கைக்கு வந்தது அந்த ஹோட்டல் அறையில்.

சந்திரசேகர் மேதை, எல்லாரும் அப்படி ஆக முடியுமா என்பார்கள். நான் அவரைச் சொல்வது வேறு காரணத்துக்காக. அவருக்குத் தெரியாமல் இருந்த ஒரே விஷயம், தன் புத்தகம் காலாவதியாகிவிட்டது என்பதுதான். அதைச் சொல்ல ஓர் ஆள் ஊருக்கு வர வேண்டியிருந்தது. இன்று தென்காசியிலோ திருவாரூரிலோ படிக்கும் மாணவருக்கும் குறைவது பெரும்பாலும் அதேதான். பாடங்கள் கிடைக்கின்றன. என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடத் தளத்தில் ஐ.ஐ.டி. மெட்ராஸும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து 2021-லேயே குவாண்டம் கணினிக்கு ஓர் அறிமுகப் பாடம் நடத்தின. எதை முதலில் எடுப்பது, எதை இப்போதைக்கு விட்டுவிடுவது, எங்கே கோடை இன்டர்ன்ஷிப்புக்கு எழுதுவது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆள்தான் இல்லை. மாநாடு அந்த ஆட்களை ஒரே கூரையின் கீழ் கொண்டுவருகிறது.

நம் கல்லூரிகளுக்குச் சிம்போசியம் புதிதல்ல. துறைச் சங்கம், இன்டர் காலேஜ் போட்டி, பேப்பர் பிரசன்டேஷன், ஓ.டி. (ஆன் டியூட்டி அனுமதி) வாங்கிக்கொண்டு பக்கத்து ஊர்க் கல்லூரிக்குப் பஸ் பிடிப்பது எல்லாம் நமக்கு நன்றாகப் பழகிய விஷயம். பந்தல் முதல் சாப்பாடுவரை மாணவர்களே பார்த்துக்கொள்ளும் திறமையில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது. மனத்தை வருத்துவது அந்தத் திறமை செலவாகும் இடம். தொடக்க விழா காலையை விழுங்கிவிடுகிறது. குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப்பரிசு, ஆளுக்குப் பத்து நிமிட வாழ்த்துரை. பிறகு முக்கிய விருந்தினர் ‘குவாண்டமும் எதிர்கால உலகமும்’ என்று ஒரு மணி நேரம் பேசுவார். அதில் ஒரு சமன்பாடு வராது, ஒரு சோதனை வராது. மதியம் மூன்று அறைகளில் ஒரே நேரத்தில் பேப்பர் வாசிப்பு நடக்கும், கேட்பவர்களில் பெரும்பாலோர் தங்கள் முறைக்குக் காத்திருப்பவர்கள். மாலையில் சான்றிதழ். காசு கொடுத்தால் பெயர் அச்சாகும் ‘சர்வதேச’ மாநாடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த மாணவர்களை நான் குறை சொல்லவில்லை. தரமதிப்பீட்டுக்கு எண்ணிக்கை காட்ட வேண்டிய கட்டாயம் நிர்வாகத்துக்கு, வேலைக்குச் சான்றிதழ் காட்ட வேண்டிய கட்டாயம் மாணவருக்கு. ஆனால் கற்றல் என்ற ஒன்று அங்கே நடப்பதில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

குவாண்டம் போன்ற துறையில் இதன் கேடு இன்னும் கூடுதல். மிகையான பேச்சு தப்பான புரிதலை விதைத்துவிட்டுப் போகிறது. குவாண்டம் கணினி எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் சோதித்துச் சரியானதைத் தந்துவிடும் என்ற வாசகத்தை எத்தனை மேடைகளில் கேட்டிருப்போம். அது உண்மையென்றால் வரிசைப்படுத்தாத பத்து லட்சம் பெயர்களில் ஒன்றைத் தேட ஒரே ஒரு முறை பார்த்தால் போதும். 1996-ல் லோவ் குரோவர் கண்ட முறைக்கு ஏறக்குறைய 785 முறை பார்க்க வேண்டும். சாதாரணக் கணினிக்குச் சராசரியாக ஐந்து லட்சம். ஆதாயம் பெரியதுதான், ஆனால் மாயம் இல்லை. அந்த 785 எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு சுற்றிலும் சரியான விடைக்குரிய எண் கொஞ்சம் கூடி, மற்றவற்றுக்குரியவை கொஞ்சம் குறையும்படி, அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்துவதும் அழிப்பதுமாக நிலையைத் திருப்புகிறோம். அந்தத் திருப்பம் முடிவதற்கு ஆகும் சுற்றுகள் பத்து லட்சத்தின் வர்க்கமூலமான ஆயிரத்தின் அளவில் இருக்கின்றன. அதற்கும் மேலே சுற்றினால் விடை மறுபடி கைநழுவும்! இதை ஒரு மாணவர் கரும்பலகையில் இரண்டு பரிமாணப் படமாக வரைந்து அரை மணி நேரத்தில் விளக்கிவிடலாம். நல்ல மாணவர் மாநாடுகளில் நடப்பது இதுதான். கேட்டவர் வீட்டுக்குப் போகும்போது அவருக்கு வியப்போடு சேர்ந்து ஒரு கணக்கும் தெரிந்திருக்கும்.

ஹேக்கத்தான் வடிவம் இப்போது எல்லாருக்கும் பிடித்ததாக இருக்கிறது. அதில் ஒரு நல்லது உண்டு. உண்மையான கருவியில் நிரலை ஓட்டிப் பார்த்தால், வர வேண்டிய 100 சதவீதத்துக்குப் பதில் அதைவிடக் குறைவாகத்தான் வரும். கியூபிட்டின் நிலை எவ்வளவு சீக்கிரம் கலைகிறது, இரண்டு கியூபிட்டுகளை இணைக்கும் செயலில் எவ்வளவு பிழை சேர்கிறது என்பதை எந்த உரையையும்விட அந்த வரைபடம் அழுத்தமாகச் சொல்லும். இன்றைய துறையின் மையப் பிரச்சினையே பிழைதிருத்தம் என்பது அப்போது தானாக விளங்கும். ஆனால் ஒன்று. யாரோ எழுதி வைத்த நிரலை எடுத்து எண்களை மாற்றி, அழகான ஸ்லைடு போட்டுப் பரிசு வாங்கவும் அதே வடிவம் இடம் தருகிறது. அதனால் முதல் நாளை முழுக்கத் தாளும் பேனாவுமாகக் கழித்துவிட்டு, மறுநாள் லேப்டாப்பைத் திறப்பது நல்லது. போட்டியும் பரிசும் அவசியம்தானா என்றே எனக்குச் சந்தேகம். புதியவரை வரவேற்பதுதான் நோக்கம் என்றால், முதல் சுற்றிலேயே பாதிப்பேரை வெளியே அனுப்பும் ஏற்பாடு அதற்கு நேர் எதிரானது.

போஸ்டர் அமர்வுக்கு என் ஓட்டு. மேடையில் பத்து நிமிடம் பேசுவதைவிட, சுவரில் ஒட்டிய தாளுக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் நின்று, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஒன்றையே திரும்பத் திரும்ப விளக்குவதில் கற்றுக்கொள்வது அதிகம். பத்தாவது முறை சொல்லும்போதுதான் தனக்கே எது புரியவில்லை என்று தெரியவரும். போஸ்டரில் புதிய கண்டுபிடிப்பு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இளநிலையில் வேண்டாம். குவாண்டம் தொலைநகர்வை (ஒரு துகளின் நிலையைத் தொலைவில் உள்ள இன்னொன்றுக்கு மாற்றும் முறை) படித்துப் புரிந்துகொண்ட விதம், பெல் சோதனையைக் கிஸ்கிட்டில் செய்தபோது வந்த பிழைகள், இவையே போதும். தமிழில் விளக்க விரும்புபவருக்குத் தமிழிலேயே விளக்க இடம் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டு, கேள்வி வந்ததும் தடுமாறும் மாணவர், தமிழில் கேட்டால் மடமடவென்று பதில் சொல்வதை ஆசிரியர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள்.

செலவு பெரிய தடை என்பார்கள். பெரிய பெயர்களை விமானத்தில் அழைத்துவருவதும் ஹோட்டலில் தங்கவைப்பதும்தான் பெரிய செலவு. அதற்குப் பதிலாக ஐ.ஐ.டி. மெட்ராஸ், கணிதவியல் ஆய்வு நிறுவனம் போன்ற இடங்களில் ஆராய்ச்சி செய்யும் முனைவர் பட்ட மாணவர்கள் நான்கைந்து பேரை ரயிலில் வரச் சொல்லலாம். அவர்கள் மகிழ்ச்சியாக வருவார்கள், இரவு விடுதியிலேயே தங்கி விடிய விடியப் பேசவும் செய்வார்கள். மிச்சமாகும் பணத்தில் வெளியூர் மாணவர்களுக்குப் பயணப்படி கொடுக்கலாம். குறிப்பாக, இரவு தங்கல் என்றால் வீட்டில் அனுமதி கிடைக்காத மாணவிகளுக்குப் பாதுகாப்பான தங்குமிடமும் கூட வரும் ஆசிரியைக்கான ஏற்பாடும் முதல் அறிவிப்பிலேயே சொல்லப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாததால் வராமல் போனவர்களின் எண்ணிக்கை எந்த அறிக்கையிலும் வருவதில்லை.

கடைசியாக, தொடர்ச்சி. மாணவர் அமைப்புகளின் இயல்பான பலவீனம், மூன்று ஆண்டில் எல்லாரும் போய்விடுவதுதான். ஊக்கமுள்ள ஒரு பேட்ச் அருமையாக ஒரு மாநாட்டை நடத்திவிட்டுப் பட்டம் வாங்கிப் போகும், அடுத்த ஆண்டு அந்தப் பெயரே மறைந்துவிடும். கனடா மாநாடு அறுபது ஆண்டுகளாக ஓடுவதற்கும், ஐரோப்பாவில் தொடங்கியது நாடு நாடாகப் போவதற்கும் காரணம், அடுத்து நடத்தப்போவது யார் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து ஒப்படைப்பதுதான். நம் ஊரிலும் பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகள் நான்கைந்து சேர்ந்து ஆண்டுக்கு ஒரு கல்லூரி என்று முறை வைத்துக்கொள்ளலாம். ஏற்பாட்டுக் குழுவில் பாதிப்பேர் இரண்டாம் ஆண்டு மாணவர்களாக இருக்க வேண்டும். யாரிடம் எவ்வளவு பணம் வாங்கினோம், எந்தப் பேச்சாளர் மாணவர்களுக்குப் புரியும்படி பேசினார், எந்த விளையாட்டுக்கு நேரம் போதவில்லை, எத்தனை போலராய்டு தகடுகள் திரும்பி வரவில்லை என்பதுவரை எழுதி அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். அந்த ஒப்படைப்புக் கூட்டத்தை மாநாடு முடிந்த அதே வாரத்தில் வைத்துவிடுவது நல்லது. மாடல் எக்ஸாம் தொடங்கிவிட்டால் யாரும் வர மாட்டார்கள்.